இஸ்மாயில் கேட்க நினைத்த வீடு

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் போகிற சாலையில் ஒரு டிராக்டரின் பின்வண்டி அச்சு முறிந்து, ஏற்றி வந்த கரும்பு முழுவதும் குறுக்கே விரிந்து கிடந்தது. எங்கள் பேருந்து அதன் முன்னால் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப்போய் ஒரு கரும்பை உருவிக்கொண்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கடிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் பேருந்து மொத்தமும் கடித்துக்கொண்டிருந்தது. பினாங்கில் இப்படி ஒரு தடங்கல் வந்தால் ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்துப் புகார் சொல்லியிருப்போம். இங்கே பக்கத்து இருக்கைக்காரர் எனக்கும் ஒரு துண்டு ஒடித்துக் கொடுத்தார்.

"எங்க மாமா போறீங்க?"

"ஒரு வீட்டைப் பார்க்க."

"வாங்குறதுக்கா, விக்கறதுக்கா?"

"ரெண்டும் இல்லை. அந்த வீட்டை இசையாக எழுதப் போகிறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கரும்பைச் சாப்டுங்க மாமா. வெயில் ஜாஸ்தியா இருக்கு" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. என் மனைவியும் ஏறக்குறைய இதையேதான் சொல்லி விமானம் ஏற்றிவிட்டாள். நான் பினாங்கில் வயலின் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். கட்டடங்களை இசையாக்குவது என் தனிப் பைத்தியம். இதற்கு சரிகம எழுதுவதில்லை. நீளமான ஒரு தாளில் கட்டடத்தைக் கோடுகளாகவும் நிறங்களாகவும் வரைவேன். அதன் உள்ளே ஒருவர் நடந்துபோகிற வேகம்தான் இடமிருந்து வலமாக ஓடும் காலம். கூரை உயர்ந்தால் ஒலி மேலே ஏறும், தாழ்ந்தால் இறங்கும். தூண் என்றால் மிருதங்கத்தில் ஒரு தட்டு. திறந்தவெளி என்றால் புல்லாங்குழல். சுவர் குறுக்கே வந்தால் எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். என் நண்பர்கள் மூன்று பேர் அந்தத் தாளைப் பார்த்தபடி என்னோடு சேர்ந்து வாசிப்பார்கள். கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் உறவினர்கள், அதுவும் வேறு வழியில்லாமல்.

உறவில்லாமல் வந்து கேட்கிற ஒரே ஆள் இஸ்மாயில். அவனுடைய துணிக்கடை மாடியில்தான் நாங்கள் ஒத்திகை பார்ப்போம். வாயில் வடிகட்டியே கிடையாது. "மாஸ்டர், இந்தக் கட்டடத்துல பாதியில தூக்கம் வருது" என்பான். கடையில் மட்டும் அவன் வேறு ஆள். பொருந்தாத நிறத்தில் துணியை மேலே போட்டுப் பார்க்கிற வாடிக்கையாளரிடம், முகம் மாறாமல், "நல்லா இருக்கு" என்பான். அந்தச் சொல்லை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அதை நான் பெருமையாக நினைத்திருந்தேன்.

இஸ்மாயிலுக்குச் சொந்த ஊர் லால்பேட்டை. பினாங்கில் சம்பாதித்ததை எல்லாம் அனுப்பி, தம்பியை மேற்பார்வைக்கு வைத்து, ஊரில் ஒரு பெரிய வீடு கட்டினான். அந்த வீட்டுக்குப் பாதிச் செங்கல் தொலைபேசி வழியாகத்தான் போயிற்று. மகளின் நிக்காஹ் சமயத்தில் சில வாரங்கள் அதில் இருந்தான், அவ்வளவுதான். பிறகு சர்க்கரை நோய் கண்ணைக் கொண்டுபோனது. அடுத்து சிறுநீரகம். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறவன் விமானம் ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

2008 தொடக்கத்தில் ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் இஸ்மாயில் என் கையைப் பிடித்தான். "ஊர்லேர்ந்து போட்டோ அனுப்புறாங்க மாஸ்டர். எனக்கு எதுக்கு அது? நீ போய் என் ஊட்டை வரைஞ்சுட்டு வா. அதை நீங்க வாசிங்க. நான் உள்ள ஒருவாட்டி நடந்துக்கறேன்."

அதுவரை யாரும் என்னிடம் இசை வேண்டும் என்று கேட்டதில்லை. அடுத்த வாரமே புறப்பட்டேன்.

*

கடலூரில் மஞ்சக்குப்பத்தில், அந்த வீட்டுக்கு வரைபடம் போட்ட பொறியாளரைப் போய்ப் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். கதவைத் திறந்தவுடன் என் தோளில் தொங்கிய ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்துவிட்டு, "டிவியா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். இல்லை என்று தெரிந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டார். வஞ்சிர மீன் வறுவலோடு சாப்பாடு போட்டார். எங்கள் ஊர் மீன் தேங்காய்ப் பாலில் மூழ்கி அடையாளம் தெரியாமல் வரும். இங்கே மிளகாயோடு மல்லுக்கட்டிக்கொண்டு வருகிறது. எனக்குக் கண்ணில் நீர் வர, அவர் மோரை ஊற்றினார்.

வரைபடத்தை மேசையில் விரித்தார். நடுவில் மிகப் பெரிய ஹால், சுற்றிலும் அறைகள், பின்னால் திறந்த முற்றம்.

"இவ்ளோ பெரிய ஹாலுக்கு நடுவுல தூண் வேணும்னேன். அவரு ஒத்துக்கவே இல்ல. 'தூணும் வேணாம், தடுப்பும் வேணாம். ஹால்ல நின்னு ஒரு குரல் குடுத்தா ஊட்ல இருக்குற அத்தினி பேருக்கும் கேக்கணும்'னாரு. பினாங்குலேர்ந்து போன்ல சண்டை. நாந்தான் தோத்தேன்" என்றார்.

"இப்போது போய்ப் பார்த்தீர்களா?"

"எங்கங்க. கட்டி முடிச்சா இன்ஜினீயரை யார் கூப்புடுறாங்க? விரிசல் வுட்டாதான் கூப்புடுவாங்க."

நான் அந்த வரைபடத்தைப் பிரதி எடுத்துக்கொண்டேன். தூணே இல்லாத ஹால் என்றால் மிருதங்கத்துக்கு அங்கே வேலை இல்லை. தாழ்ந்த குரலில் பாடும் பெரிய வயலினான செல்லோ மட்டும் நீளமாக ஓட வேண்டும். பேருந்தில் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் பாதி இசை தலைக்குள் ஓடிவிட்டது. இதுதான் என் கோளாறு. வீட்டைப் பார்க்கும் முன்பே அதைக் கேட்டு முடித்துவிட்டேன்.

சிதம்பரத்தில் தங்கும் விடுதியின் மாடியிலிருந்து கோபுரம் தெரிந்தது. அதையும் வரையலாமா என்று ஆசை வந்தது. அதை வரைய உலகம் முழுவதும் ஆட்கள் இருக்கிறார்கள், இஸ்மாயில் வீட்டுக்கு நான் ஒருவன்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். காலையில் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு கொடுத்தார்கள். அதற்காகவே இன்னொரு முறை வரலாம். அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள கடையில் நீளத் தாள் கேட்டேன். கடைக்காரர், "எந்த செமஸ்டர் சார்?" என்று கேட்டார். என் நரைத்த தலையைப் பார்த்தும் அப்படிக் கேட்டவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாயிற்று.

*

மறுநாள் லால்பேட்டை. வீராணம் ஏரிக்கரை ஓரமாகப் பேருந்து போனது. இஸ்மாயிலின் மனைவி நூர்ஜஹான் வாசலில் நின்று, "வாங்கண்ணே" என்று அழைத்தார். மகள் பாத்திமாவின் கணவர் வளைகுடாவில் இருப்பதால் அவளும் தாயோடுதான் இருக்கிறாள்.

உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டேன். கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தேன். மறுபடி எதிரே பார்த்தேன்.

ஹாலின் நடுவில் ஒரு சுவர்.

நூர்ஜஹான் தலையைக் குனிந்துகொண்டார். "உக்காருங்கண்ணே. சொல்றேன்" என்றார்.

இஸ்மாயிலின் தாயார் இறந்த பிறகு ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு தடித்து, ரெண்டு அடுப்பாகி, அப்புறம் இந்தச் சுவர் வந்திருக்கிறது. அந்தப் பக்கம் தம்பி சாதிக்கின் குடும்பம். அவர்களுக்குப் பக்கவாட்டுத் தெருவில் தனி வாசல். ரெண்டு வருடமாகிறது. இஸ்மாயிலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"கண்ணும் இல்ல, கிட்னியும் இல்ல. ஊடு ஒண்ணுதாண்ணே அவுங்களுக்கு மிச்சம். நீங்க சொல்லிடாதீங்க" என்றார்.

சாப்பிட்டுவிட்டு மறுபக்கம் போக, தெருவைச் சுற்றி நடந்தேன். சாதிக் எனக்காகவே காத்திருந்தார். அங்கேயும் ஒரு சாப்பாடு. வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் சாப்பிட்டேன் என்று அர்த்தமாகிவிடும், அதனால் சாப்பிட்டேன். கை கழுவும்போது சாதிக் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, செவுரைப் பத்தி அண்ணன்கிட்ட வாயே தொறக்காதீங்க. தாங்க மாட்டாரு."

ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு வீட்டிலும் ஒரே வேண்டுகோள்.

சுவரின் இந்தப் பக்கம் பூசாமல் செங்கல்லாகவே நின்றது. அண்ணாந்து பார்த்தேன். சுவர் கூரைவரை போகவில்லை. மேலே ஒரு முழம் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. அந்த வழியாக நூர்ஜஹான் பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது.

"ஏன், அதோடு நிறுத்திவிட்டீர்கள்?"

"கொத்தனார் மேல வரைக்கும் ஏத்தத்தான் பாத்தாரு. நாந்தான் போதும்னுட்டேன்" என்றார் சாதிக். "அண்ணன் கட்டுன ஊடு. முழுசா அடைக்கறதுக்கு மனசு வரலண்ணே."

மாலையில் நூர்ஜஹானிடம் அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டேன். பாச்சை வருகிறது என்று முதலில் குறைப்பட்டுக்கொண்டார். பிறகு, "சாதிக் இருமுறது அது வழியா கேக்கும். இருமல் ஜாஸ்தியானா கசாயம் போட்டு பாத்திமாகிட்ட குடுத்தனுப்புவேன். நான் குடுத்தேன்னு அவ சொல்ல மாட்டா" என்றார். அந்தப் பக்கத்துத் தொலைக்காட்சியில் ஒரு தொடரின் தலைப்புப் பாடல் தொடங்கியது. நூர்ஜஹான் தன்னுடைய தொலைக்காட்சியைப் போடவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்கியபடி அந்தத் தொடரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

*

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து ஆண்கள் திரும்பியதும் ஹாலில் தொலைபேசி அடித்தது. வாராவாரம் அந்நேரத்துக்கு இஸ்மாயில் கூப்பிடுவானாம். பாத்திமா அதை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். அதே சமயம் தெருவில் தடதடவென்று காலடிச் சத்தம். சாதிக், அவர் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்து தொலைபேசியைச் சுற்றி நின்றார்கள். ஓரகத்திகள் இருவரும் தோளோடு தோள் இடிக்க நின்றார்கள்.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்றது இஸ்மாயிலின் குரல்.

"இருக்கோம் அண்ணே" என்றார் சாதிக், மூச்சு வாங்க.

ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி அழைத்தான். ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள். சாதிக்கின் மனைவி, "மச்சி இன்னிக்கி ஆட்டுக்கால் பாயா வெச்சிருக்காங்க" என்று நூர்ஜஹானைக் காட்டிச் சொன்னார். அது நிஜம்தான். வாசனை மேலே இருந்த இடைவெளி வழியாகப் போயிருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை இந்தப் பேச்சு முடிகிறவரைக்கும் அந்த வீடு இஸ்மாயில் கட்டிய வீடாகவே இருந்தது.

"மாஸ்டர் இருக்காரா? மாஸ்டர், நடு ஹால்ல நின்னு ஒரு தட்டு தட்டிக் காட்டு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நடு ஹாலில் சுவர் இருக்கிறது. நூர்ஜஹான் கண்ணாலேயே பின்கதவைக் காட்டினார். நான் தொலைபேசியைக் கம்பி எட்டுகிற தூரம் இழுத்துக்கொண்டுபோய், முற்றத்தைப் பார்த்து நின்று கை தட்டினேன். சத்தம் திறந்தவெளியில் தாராளமாக விரிந்து போனது.

"ம்" என்றான் இஸ்மாயில். "சரி."

பேச்சு முடிந்தது. சாதிக் குடும்பம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றிப் போய்விட்டது. யாரும் யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

சிதம்பரம் திரும்பி, விடுதி மாடியில் காலை வெயிலில் தாளை விரித்தேன். வாசல், நடை, ஹால், முற்றம் என்று வரைந்துகொண்டு போனேன். ஹாலின் நடுவுக்கு வந்ததும் பென்சில் நின்றது. சுவரை வரைந்தால் எல்லோரும் நிறுத்த வேண்டும். அந்த அமைதியைக் கேட்டதும் இஸ்மாயில் ஏன் என்று கேட்பான். நூர்ஜஹானின் குனிந்த தலை நினைவுக்கு வந்தது. பொறியாளரின் வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹாலைச் சுவர் இல்லாமல், செல்லோவின் ஒரே நீளக் கோடாக வரைந்து முடித்தேன். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன். அன்று கொத்சு இன்னும் ருசியாக இருந்தது.

*

பினாங்கில் துணிக்கடை மாடியில் வாசித்தோம். இஸ்மாயில் நாற்காலியில் சாய்ந்து, கையைத் தொடைமேல் வைத்திருந்தான். அவன் இரண்டு விரல்கள் தொடையில் நடக்க ஆரம்பித்தன. வாசலில் நின்று, நடையில் திரும்பி, ஹாலுக்குள் நுழைந்தன. செல்லோ தடையில்லாமல் ஓடியது. ஹாலின் நடுவில் அவன் விரல்கள் நின்றுவிட்டன. நாங்கள் முற்றம்வரை வாசித்து முடித்தோம். விரல்கள் நின்ற இடத்திலேயே இருந்தன.

"செவுரு எங்க மாஸ்டர்?"

"எந்தச் சுவர்?" என்று கேட்டேன். அந்த இரண்டு சொற்களைத் திரும்ப விழுங்க முடிந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழமை அவுங்க போனை எடுத்த ஒடனே வாசல்ல செருப்பு கழட்டுற சத்தம் கேக்கும். அப்புறம் சாதிக் மூச்சு வாங்க 'அண்ணே'ங்குவான். ஊட்டுக்குள்ளயே இருக்குறவன் எதுக்கு தெருவைச் சுத்தி ஓடி வரணும்? நடுவுல செவுரு இருந்தாத்தானே. ரெண்டு வருசமா கேட்டுட்டுதான் இருக்கேன். எனக்குத் தெரியக்கூடாதுன்னு அவுங்க அத்தினி பேரும் அன்னிக்கி ஒண்ணா நிக்கிறாங்க. அது கெட வேணாம்னு நானும் தெரியாத மாதிரியே இருக்கேன்."

மற்ற மூவரும் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்கள்.

"தெரிந்துகொண்டே என்னை ஏன் அனுப்பினாய்?"

"அது கூரையைத் தொடுதான்னு தெரிஞ்சுக்க. மேல கொஞ்சம் தொறப்பு இருந்தா, என்னிக்காவது இடிச்சுடுவாங்கன்னு நெனச்சுக்கலாம். அடைச்சே கட்டியிருந்தா அவ்ளோதான். அதை அவுங்ககிட்ட கேக்க முடியாது. நீ உள்ளதை அப்படியே வாசிப்பேன்னு நெனச்சேன்."

"தொடவில்லை இஸ்மாயில்" என்றேன். "மேலே இடைவெளி இருக்கிறது. ஒரு முழம். சாதிக்தான் கொத்தனாரை நிறுத்தினார். அவர் இருமினால் நூர்ஜஹானுக்குக் கேட்கிறது, கசாயம் போட்டு அனுப்புகிறார்." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்கே அது கதை கட்டுவதுபோலக் கேட்டது.

இஸ்மாயில் பொறுமையாகக் கேட்டான். பிறகு என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தான். "வுடு மாஸ்டர். இனிமே நீ எது சொன்னாலும் எனக்கு ஆறுதலுக்குச் சொல்ற மாதிரிதான் இருக்கும்" என்றான்.

நான் விடவில்லை. தாளை மறுபடி வரைந்தேன். சுவர் வரும் இடத்தில் செல்லோ, வயலின், மிருதங்கம் மூன்றும் நிற்கும். அந்த அமைதிக்கு மேலே, கூரைக்கு அடியில், புல்லாங்குழல் மட்டும் மெல்லிய கோடாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். நான் எழுதியவற்றில் அதைவிட உண்மையான ஓர் இடம் கிடையாது.

அடுத்த வாரம் அதை வாசித்தோம். இஸ்மாயில் கடைசிவரை உட்கார்ந்து கேட்டான். அவன் விரல்கள் நடக்கவில்லை. முடிந்ததும், முகம் மாறாமல், என் பக்கமாகத் திரும்பினான்.

"நல்லா இருக்கு மாஸ்டர்" என்றான்.